தொட்டிசைக்கும் மின்கருவியும் மலைநாட்டுத் தப்பும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நம் முன்னோர் வகுத்தனர். வகை எதுவாயினும் அவையனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கருவியைத் தீண்டும் விரலின் மென்மையும் வன்மையும், அது நிற்கும் காலமும் நகரும் வழியும் ஓசையிற் பதிவாகின்றன. வீணைத் தந்தியை மெட்டின்மேல் வைத்து இழுக்கும்பொழுது சுரம் வளைகின்றது. மிருதங்கத்தின் தொப்பியை உள்ளங்கையின் அடிப்புறத்தால் அழுத்தித் தேய்க்கும்பொழுது கும்கி பிறக்கின்றது. கருவி பேசுவதற்குக் காரணம் தொடுகையே.

சென்ற நூற்றாண்டில் மின்னிசைக் கருவிகள் தோன்றியபொழுது இவ்வியல்பு பெரிதும் மறக்கப்பட்டது. பெரும்பாலானவற்றிற் கட்டையை அழுத்தினால் ஒலி வரும், எடுத்தால் நிற்கும். வாயிற்கதவின் மின்மணியும் அவ்வாறுதான் ஒலிக்கின்றது. ஆயினும் விரலின் நுட்பத்தை மின்னாற்றலுக்கு உணர்த்த வேண்டுமென முயன்றோரும் இருந்தனர். 1920ஆம் ஆண்டளவில் உருசிய நாட்டு லெவ் தெரமின் என்பார், தொடாமலே வெளியிற் கையை அசைத்து இசைக்கும் கருவியொன்றை ஆக்கினார். 1928ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மொரிஸ் மார்த்தனோ, விரலில் ஒரு வளையத்தை மாட்டி இழுத்துச் சுரத்தை வழுக்கும் கருவியை அரங்கேற்றினார். அவர்கள் தொடங்கிய தேட்டத்தின் அண்மைக்காலப் பயன்களுள் ஒன்றே ஈண்டு நாம் ஆராயப்புகும் தொடுகையுணர் கட்டைக்கருவி.

கருவியின் அமைப்பு

இலண்டன் மாநகரில் 2009ஆம் ஆண்டில் ரோலண்ட் லாம் என்பவரால் நிறுவப்பட்ட ரோலி நிறுவனம், 2016ஆம் ஆண்டின் இறுதியில் ‘பிளாக்ஸ்’ என்னும் கட்டைகளை வெளியிட்டது. உள்ளங்கையளவான சதுரக் கட்டையொன்று. அதன் மேற்பரப்பு கண்ணாடியன்று, இணங்கிக் கொடுக்கும் சிலிக்கோன் தோல். தோலின் அடியில் 15 வரிசையும் 15 நிரலுமாக 225 ஒளிப்புள்ளிகள் அமைந்துள்ளன. விளிம்புகளில் காந்தம் இருத்தலால், ஒரு கட்டையை மற்றொன்றின் பக்கத்தில் வைத்த அளவில் இரண்டும் ஒட்டி ஒரே கருவியாகி விடும். 2017ஆம் ஆண்டில் இக்குடும்பத்தில் 24 கட்டைகள், அஃதாவது இரண்டு ஸ்தாயிகள் கொண்ட மென்மையான சுரப்பலகையும் சேர்ந்தது. 2021ஆம் ஆண்டில் இந்நிறுவனம் கடன்பட்டு நொடித்துப் பின்னர் புத்துருப் பெற்றது. ஆகையால் சதுரக் கட்டைகளைப் பெற விரும்புவோர் பெரும்பாலும் ஒருவர் கையாண்டு விற்பனவற்றையே நாடவேண்டியிருக்கும்.

இக்கருவி தானே ஒலிப்பதன்று என்பதை முதலில் உளங்கொள்ளல் வேண்டும். அது விரலின் செயலை எண்களாக மாற்றிக் கணினிக்கோ கைத்தொலைபேசிக்கோ அனுப்புகின்றது. ஒலியை ஆக்குவது அங்குள்ள செயலியே. கருவி உணரும் செயல்கள் ஐந்து: எவ்வளவு விசையுடன் விரல் விழுந்தது, விழுந்தபின் எவ்வளவு அழுத்துகின்றது, இடம் வலமாக எவ்வாறு அசைகின்றது, மேலும் கீழுமாக எவ்வாறு நகர்கின்றது, எவ்வளவு விரைவில் எடுக்கப்படுகின்றது.

இவற்றை அனுப்பும் மொழி ‘மிடி’ எனப்படும். 1983ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் உடன்பட்டு ஏற்ற பொதுமொழி அது. அதில் அடியின் விசை 0 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாற் குறிக்கப்படும். சுரத்தின் வளைவுக்கோ 16,384 படிகள் உண்டு. ஆனால் ஒரு குறை இருந்தது. ஒரு வழியிற் செல்லும் சுரங்கள் பலவாயினும் வளைவு ஒன்றே. ஒரு விரல் அசைந்தால் எல்லாச் சுரங்களும் வளைந்துவிடும். வகுப்பில் ஒரு மாணாக்கன் பிழைசெய்ய, வகுப்பு முழுவதும் பெஞ்சின்மேல் ஏறி நிற்பதனை இது ஒக்கும். 2018ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்ற ‘எம்.பி.இ.’ என்னும் விதி இக்குறையை நீக்கிற்று. மிடியின் 16 வழிகளுள் ஒன்றைப் பொதுக்கட்டளைக்கு ஒதுக்கி, எஞ்சிய 15 வழிகளை விரலுக்கு ஒன்றாகப் பங்கிடுவதே அவ்விதி.

நம் இசைக்கு இதனால் வரும் பயன்

சுவாமி விபுலாநந்தர் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்நூல் பழந்தமிழர் கருவியின் பெருமையை நமக்கு உணர்த்திற்று. நரம்புக்கு ஒரு சுரமாக இசைக்கப்பட்ட யாழ் வழக்கிறந்து, மெட்டின்மேல் நரம்பை இழுத்துக் கமகம் காட்டவல்ல வீணை நிலைபெற்றமைக்குக் கமகத்தின் வளர்ச்சியும் ஒரு காரணம் என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். மேனாட்டிலிருந்து வந்த வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) முதலியோர் நம் இசைக்கு உரியதாக்கினர். விரல் வழுக்க இடந்தந்தமையால் அது நம்மதாயிற்று. ஆர்மோனியத்துக்கோ அந்நல்லூழ் வாய்த்திலது. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை அதனை விலக்கி வைத்திருந்தது. சுரங்களுக்கு இடையேயுள்ள வெளியை அது காட்டமாட்டாது என்பது அதன்மேற் சாற்றப்பட்ட குற்றங்களுள் தலையாயது.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்து உயிர்பெறுவது. ஆர்மோனியத்தில் அதனை இசைத்தால் பெயர் இருக்கும், உயிர் இராது. தொடுகையுணர் பலகையில் விரலை இடம் வலமாக அசைக்கும்பொழுது அசைவு கேட்கின்றது. இக்கருத்தை நடைமுறையிற் காட்டியவருள் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் குறிப்பிடத்தக்கவர். இதே இனத்தைச் சேர்ந்த ‘கண்டினுவம்’ என்னும் கருவியை 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தில்லி 6’ என்னும் இந்திப் படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் அவர் கையாண்டார்.

தொடங்கும் முறை

முதலாவதாக, கருவிக்கு மின்னேற்றி, யு.எஸ்.பி. வடத்தினாற் கணினியுடன் இணைக்க. புளூடூத் வழியாகவும் இணைக்கலாம். எனினும் பயிலுங்காலத்தில் வடமே நன்று. ஒலியைக் கேட்பதற்கும் வடமுள்ள செவிக்கருவியையே கொள்க. வடமில்லாச் செவிக்கருவியில் அடிக்கும் ஒலிக்கும் இடையே சிறு தாழ்வு நேரும். தாளம் பயில்வோனுக்கு அத்தாழ்வு பெருந்தடை.

இரண்டாவதாக, எம்.பி.இ. விதியை ஏற்கும் ஒலிச்செயலி ஒன்றைத் தேர்க. ‘சர்ஜ் எக்ஸ்.டி.’ என்பது விலையின்றிக் கிடைப்பது. செயலியில் அவ்விதியை இயக்கி, வளைவெல்லையைக் கருவியிலும் செயலியிலும் ஒரே எண்ணாக வைக்க. வழக்கமான எண் 48 அரைச்சுரம். இரண்டும் வேறுபட்டால் விரல் ஒரு சுரத்தைத் தொடச் செவி வேறொன்றைக் கேட்கும். புதியோர் இடர்ப்படும் இடங்களுள் இது முதன்மையானது. மேலே 48, கீழே 48 என 96 அரைச்சுரங்களை 16,384 படிகளுக்குப் பகிர்ந்தால் அரைச்சுரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 170 படிகள் கிடைக்கின்றன. இயற்கையான அந்தர காந்தாரம் ஆர்மோனியச் சுரத்தினின்றும் அரைச்சுரத்தின் ஏழிலொரு பங்கு தாழ்ந்தது. அஃதாவது சுமார் 23 படிகள். அந்நுண்மையை இக்கருவி தாங்கும். தாங்கச் செய்யவேண்டியது செவியும் விரலும்.

மூன்றாவதாக, ஐந்து உணர்வுகளையும் ஒருங்கே நாடாது, அடியொன்றை மட்டும் வைத்து ஏனையவற்றை அமைப்பில் அடக்கி விடுக. ஒரே சுரத்தை மெலிதாகவும் வலிதாகவும் நூறுமுறை அடித்துப் பழகியபின் அழுத்தத்தைத் திறக்க. அசைவை இறுதியிற் சேர்க்க. எல்லாவற்றையும் முதல்நாளே திறந்து வைப்பவன் விரலின் நடுக்கத்தையும் கமகமென்று மயங்குவான்.

நான்காவதாக, தம்புராவின் சுருதியைத் துணைக்கொள்க. 1979ஆம் ஆண்டில் பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் ஆக்கிய மின்தம்புராவின் வழிவந்த கருவிகளும் செயலிகளும் இன்று எளிதிற் கிடைக்கின்றன. பலகையின் முதற்கட்டையை ஷட்ஜமாகக் கொண்டால் மாயாமாளவகௌளையின் சுரங்கள் 1, 2, 5, 6, 8, 9, 12 ஆகிய கட்டைகளில் அமையும், 13ஆவது மேல்ஷட்ஜம். சரளி வரிசையை மூன்று காலங்களிலும் இசைத்து, ஒவ்வொரு வரியையும் முதலில் வாயாற் பாடி, பின் விரலாற் பின்பற்றுக. குரல் முன்செல்ல விரல் பின்வரல் வேண்டும்.

கருவி இல்லாதோர் சோர்வடைய வேண்டுவதில்லை. கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரை அழுத்தத்தைச் செவ்வையாக உணராதாயினும், விரலின் இடத்தையும் நகர்ச்சியையும் உணரும். இப்பயிற்சியின் முற்பாதியை அதிலேயே நடத்தலாம்.

மலைநாட்டின் தப்பு

நிற்க. அட்டன், நுவரெலியாப் பகுதிகளிலிருந்து பயிலும் மாணாக்கருக்கு இப்பொருள் தனியே உரியது. சதுரக்கட்டையைத் தாளக்கருவியாக்கி, அதன் பரப்பை நான்குக்கு நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஒலியை அமைக்கலாம். எவ்வொலியை அமைப்பது? செயலியுடன் ஆயத்தமாக வரும் முழக்கங்கள் பிறநாட்டார் முழக்கங்கள். நம் வாயிலிலேயே தப்பு இருக்கின்றது.

ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணியது தொல்காப்பியம். குறிஞ்சிக்கு உரியது தொண்டகப்பறை. கோப்பித் தோட்டங்களுக்கும், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னகத்திலிருந்து வந்த மக்கள் தப்பையும் உடன்கொண்டு வந்தனர். விடியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் அத்தப்பே. மாசி மாதத்துக் காமன் கூத்தில் இரதியின் துயரத்தோடு கலந்து முழங்குவதும் அதுவே. வேலைக்கு விரட்டிய ஓசையும் விழாவுக்கு அழைத்த ஓசையும் ஒரே தோலிற் பிறந்தன. தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்தமையால் அவற்றுட் பல அழியாது எஞ்சின. பாட்டின் சொல்லை ஏடு தாங்கும். தப்பின் அடியை ஏடு தாங்குமோ?

தப்பு தொடுகையுணர் கருவிகளுள் மூத்தது. வலக்கையில் தடித்த அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சி. தோல் அழுத்தப்பட்டால் ஒலி அடங்கும், விடப்பட்டால் விரியும். மூடுபனியில் ஈரமேறித் தளர்ந்த தோலை நெருப்பிற் காய்ச்சி இறுக்குவர். சாவுக்கு ஓரடி, திருவிழாவுக்கு ஓரடி, கூத்துக்கு ஓரடி என்று அடி வேறுபடும். இவ்வளவையும் ஒரே ஒலிப்பதிவில் அடைத்துக் கட்டத்துக்குள் வைத்தால் கிடைப்பது தப்பின் நிழலே. ஆதலால் மெல்லடி, வல்லடி, சிம்படி, இருகுச்சியும் சேர்ந்த அடி, அடங்கிய அடி எனத் தனித்தனியே, ஒவ்வொன்றையும் பலமுறை, பதிதல் வேண்டும். விரலின் விசைக்கேற்ப மெல்லடியும் வல்லடியும் தாமே மாறிவர அமைத்தல் வேண்டும். அழுத்தும்பொழுது ஒலி அடங்குமாறு செய்தல் வேண்டும். அப்பொழுதே ஐந்து உணர்வுகளும் தப்புக்குத் தொண்டு செய்யும்.

இதில் ஓர் அறமும் அடங்கியுள்ளது. தப்பைச் சாவுக்கருவி என்றும் தாழ்ந்தோர் கருவி என்றும் சாதிச் செருக்கினால் ஒதுக்கியவர் நம்முள்ளேயே இருந்தனர். ஒதுக்கிய கருவியின் ஒலியைமட்டும் களவாடிக் கணினியிற் சேர்த்து, அடித்த கலைஞரைப் பெயரின்றி விடுவது முன்னதினும் கொடிய ஒதுக்கல். கலைஞரின் இசைவு பெற்று, அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் அடியின் பெயரும் குறித்துப் பதிவதே முறை. பதிவின் படி ஒன்று அவர் கைக்கும், மற்றொன்று பாடசாலை நூலகத்துக்கும் செல்லுதல் வேண்டும். சங்கீதத்தை ஒரு பாடமாகக் கற்கும் மாணாக்கருக்கு இது நல்லதொரு விடுமுறைப் பணி.

இயந்திரம் கலையை அழிக்கும் என்று அஞ்சுவோரும், இயந்திரமே கலை என்று மயங்குவோரும் ஒரு பிழையையே செய்கின்றனர். இருவரும் விரலை மறந்தனர். வயலின் நம்மதானது மரத்தின் சிறப்பாலன்று, அதனைத் தொட்டவர் தம் இசையை அறிந்திருந்த சிறப்பால். தொடுகையுணர் கட்டை எவ்விரலையும் உணரும். அவ்விரல் எதனை அறிந்திருக்கின்றது என்பதே வினா. தப்படிக்கும் பெரியவர் ஒருவரிடம் ஓராண்டு குச்சி பிடித்துப் பழகிய இளைஞன் இக்கட்டையைத் தொட்டால், அதனுள் மலைநாடு பேசும். பழகாதவன் தொட்டால் கடைக்காரன் நிரப்பித் தந்த ஒலியே திரும்பி வரும். ஆகவே கருவி வாங்கப் பணம் சேர்ப்போர், அப்பணம் சேருமட்டும் காத்திராது, இவ்வாண்டு மாசிக் கூத்துக்கே சென்று செவியைச் சேர்ப்பாராக.