அறைக்குள் அலையின் பாதைகள்

நான்கு சுவருக்குள் ரேடியோ அலை ஒரே வழியில் போவதில்லை. சுவர், கூரை, இரும்பு பீரோ, சன்னல் கம்பி என்று எதிர்ப்பட்டதிலெல்லாம் மோதித் திரும்பி, ஒரே சமிக்ஞை பல பிரதிகளாக, சற்று முன்பின்னாக வந்து சேர்கிறது. வழக்கமான குறுகிய அலைவரிசை ரேடியோவில் இந்தப் பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஒன்றின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் சேரும் இடத்தில் சமிக்ஞை நூறில் ஒரு பங்காக, சில இடங்களில் அதற்கும் கீழே தேய்ந்துவிடும். கருவியை ஒரு சாண் நகர்த்தினால் மீண்டும் பிழைத்துக்கொள்ளும்.

அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோ ஒரு நானோ விநாடிகூட நீடிக்காத துடிப்பை அனுப்புகிறது. அந்த நேரத்தில் அலை கடப்பது 30 செ.மீ. தூரமே. ஆகவே, இரு பாதைகளின் நீளத்தில் ஓர் அடி வித்தியாசம் இருந்தாலே இரண்டு பிரதிகளும் தனித்தனியே தெரியும். காலி மண்டபத்தில் நீட்டிப் பாடினால் எதிரொலி பாட்டோடு கலந்துவிடும்; ஒரே ஒரு முறை கைதட்டினால் எதிரொலி தனியாகக் கேட்கும் அல்லவா, அதைப் போல.

இதை நேரில் அளந்து காட்டியவர்கள் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மோ வின், ராபர்ட் ஷோல்ட்ஸ். 1998இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பொறுமை. ஓர் அலுவலகக் கட்டடத்தின் அறைகளில், 3 அடிக்கு 3 அடி சதுரத்தில், 6 அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக 49 புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆன்டெனாவை நகர்த்தி அளந்தார்கள். அனுப்பும் கருவி 2 மைக்ரோ விநாடிக்கு ஒரு துடிப்பை வெளியிட்டது. இவ்வளவு வேகமான அலையை ஒரே மூச்சில் பதிவு செய்வது கடினம் என்பதால், சாம்பிளிங் ஆசிலோஸ்கோப் ஒவ்வொரு துடிப்பிலும் சிறு பகுதியை மட்டும் எடுத்து, கடைசியில் முழு வடிவத்தையும் கோத்துவிடுகிறது. அதுவரை அறையில் எதுவும் அசையக்கூடாது. ஒருவர் குறுக்கே நடந்தாலே பாதைகள் மாறி, பதிவு கெட்டுவிடும்.

அறைக்குள் புள்ளிக்குப் புள்ளி துடிப்பின் ஆற்றல் அதிகபட்சம் 5 டெசிபெல்தான் மாறியது. அதாவது, சுமார் மூன்று மடங்கு. குறுகிய அலைவரிசையில் நூறு மடங்கு வீழும் இடத்தில் இது வியப்பான நிதானம். பிரதிகள் ஒன்றையொன்று அழிக்காததால், அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தே ஆற்றலைத் திரட்டலாம். அப்படித் திரட்டுவது அவசியமும்கூட: 2002இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை அனுமதித்தபோது, பட்டை முழுவதையும் பயன்படுத்தினாலும் மொத்தத் திறன் அரை மில்லிவாட்டைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் இடம் கொடுத்தது.

துடிப்பே இல்லாமலும் இந்தப் பாதைகளை அளக்கலாம். நெட்வொர்க் அனலைசர் பட்டை முழுவதையும் அதிர்வெண் அதிர்வெண்ணாகத் துழாவிப் பதிவு செய்யும். பிறகு கணக்கின் மூலம் அதை நேர வடிவமாக மாற்றிக்கொள்ளலாம்.

துடிப்பு வந்து சேரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும்போது சிக்கல் வேறு. காங்கிரீட்டுக்குள் அலையின் வேகம் ஏறக்குறைய பாதியாவதால், 20 செ.மீ. சுவர் ஒன்று குறுக்கிட்டால், தூரம் இன்னொரு 20 செ.மீ. கூடியதாகக் காட்டும். இதைக் கணக்கில் கழித்துவிடலாம். ஆனால், இரும்பு நிறைந்த தொழிற்கூடங்களில் நேர்வழி மறைந்திருக்கும்போது, முதலில் வரும் துடிப்பு மெலிந்தும் பின்னால் வருபவை பலத்தும் இருக்கும். வலுவானதையே நேர்வழி என்று கருவி எடுத்துக்கொண்டால், பொருள் பல மீட்டர் தள்ளி இருப்பதாகச் சொல்லிவிடும். இவ்வகை ரேடியோவுக்காக 2007இல் வந்த 802.15.4ஏ தரநிலைக்கான அலைப்பாதை மாதிரிகள் வீடு, அலுவலகம், தொழிற்கூடம் என்று தனித்தனியே வகுக்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட வேறுபாடுகளே காரணம்.