தீர்ந்துபோன ஸ்ப்ரே டப்பாவும் ஒரு சிலிண்டர்தான்

சமையல் கேஸ் சிலிண்டர் என்றால் நமக்கு ஒரு பயம் உண்டு. அலமாரியில் இருக்கும் கரப்பான்பூச்சி ஸ்ப்ரேயிடம் அந்தப் பயத்தில் பாதிகூட இருப்பதில்லை. ஆனால் பெரும்பாலான ஸ்ப்ரே டப்பாக்களில் மருந்தையும் வாசனையையும் வெளியே தள்ளுவது சிலிண்டரில் உள்ள அதே புரோப்பேன், பியூட்டேன் வாயுக்கள்தான். பாடி ஸ்ப்ரே, ரூம் ஃப்ரெஷ்னர், ஸ்ப்ரே பெயின்ட், பிறந்தநாள் விழாவில் அடிக்கும் ஸ்னோ ஸ்ப்ரே எல்லாம் இந்த ரகமே. முன்பு பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் எளிதில் எரியாதவை. அவை ஓசோன் படலத்தை அரித்ததால், 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக விலக்கப்பட்டன.

சூடு ஏறினால் என்ன ஆகும்?

டப்பாவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள், உள்நோக்கிக் குழிந்திருக்கும். அழுத்தத்தைத் தாங்கத்தான் அந்த வளைவு. சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி அழுத்தம் கூடும். குழி வெளியே பிதுங்கும். அதையும் தாண்டினால் டப்பா வெடிக்கும். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்று பொதுவாக டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். கோடை வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆகவே கார், அடுப்பு மேடை, வெயில் விழும் ஜன்னல் மூன்றும் இதற்கான இடம் அல்ல. துருப்பிடித்த டப்பாவையும் வைத்திருக்காதீர்கள்.

அடிக்கும்போது

புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. சிங்க்குக்குக் கீழே கரப்பானுக்கு அடித்தால், வாயு தரையோடு படர்ந்து அங்கேயே தங்கும். அந்த நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். பூஜை விளக்கும் ஊதுபத்தியும் ஆபத்துதான். கொசு பேட்டில் தெறிக்கும் பொறியும் அப்படியே. அடிப்பதற்கு முன் நெருப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நெடி முழுதும் போன பிறகே அடுப்பைத் தொடுங்கள். மெழுகுவத்தி எரியும் கேக்கின் பக்கத்தில் ஸ்னோ ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

தீர்ந்த பிறகு

மருந்து வருவது நின்றாலும் வாயு கொஞ்சம் மிச்சம் இருக்கும். மொட்டை மாடி போன்ற திறந்த இடத்தில், நெருப்பு எதுவும் இல்லாதபோது, காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, 'உஸ்' சத்தம் அடங்கும்வரை அழுத்துங்கள். பிறகும் ஆணியால் ஓட்டை போடாதீர்கள், சுத்தியலால் நசுக்காதீர்கள், குப்பையோடு கொளுத்தாதீர்கள். போகிக்குப் பழையதை எரிக்கும் வீடுகளில், அந்தக் குவியலுக்குள் ஒரு டப்பா கிடக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பூச்சிமருந்து டப்பாக்களையும் பெயின்ட் டப்பாக்களையும் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாக வகைப்படுத்தின. மக்கும் குப்பையிலும் சேராது, சாதாரண மக்காத குப்பையிலும் சேராது. தனிப் பையில் போட்டு, தூய்மைப் பணியாளரிடம் என்னவென்று சொல்லிக் கொடுங்கள். மூக்கு அடைத்துக்கொண்டு பாதியில் நின்ற டப்பா என்றால், உள்ளே இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போட்டாலும் இதே பேச்சுதான். எஃகு, அலுமினியம் இரண்டும் உருக்கி மறுபடி பயன்படுத்தக்கூடியவை. ஆனால் மிச்ச வாயுவோடு போகும் டப்பாவை அங்கே யாரோ ஒருவர் சுத்தியலால் தட்டுவார்.

குப்பை வண்டியில் நசுக்கும்போதும், குப்பைமேட்டில் தீப்பிடிக்கும்போதும் பக்கத்தில் நிற்பவர் டப்பாவை வாங்கியவர் அல்லர். நம் வீட்டுக் குப்பையைக் கையால் தொடுகிற அவருக்காகவாவது, டப்பாவைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள்.