மிலிட்டரி ஜீப் மலிவாக வருகிறதா? விலை பேசும் முன் கணக்குப் போடுங்கள்

மலைத்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் தரகர்கள் அவ்வப்போது கொண்டுவரும் பேச்சு இது: "மிலிட்டரி டிஸ்போசல் ஜிப்ஸி ஒண்ணு இருக்கு. ஃபோர் வீல் டிரைவ். எண்பதாயிரத்துக்கு முடிச்சுத் தர்றேன்." போடிமெட்டு, கொல்லிமலை, தாண்டிக்குடி பக்கம் மண் ஏற்றத்தில் உர மூட்டையை ஏற்றிப் படாதபாடு பட்டவர்களுக்கு ஆசை வருவது இயல்புதான். ஆனால் எண்பதாயிரம் மலிவா, அதிகமா? வண்டியை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. முதலில் காகிதத்தைப் பாருங்கள்.

ராணுவ வண்டிக்கு நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி. இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 60-வது பிரிவின்படி அது ராணுவத்திலேயே பதிவாகியிருக்கும். பணியிலிருந்து கழித்து விற்ற பிறகு, வாங்கியவர் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு உயிர்நாடி 'படிவம் 21' என்ற விற்பனைச் சான்று. பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுப்பது. சேஸிஸ் எண், என்ஜின் எண், தயாரித்த மாதம், ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். அந்த எண்களையும் வண்டியில் பொறித்திருப்பதையும் டார்ச் அடித்து நீங்களே ஒப்பிடுங்கள்.

ஏலத்தில் பல வண்டிகளை ஒரே தொகுதியாக எடுத்து, பிறகு ஒவ்வொன்றாக விற்பவர்கள் உண்டு. படிவம் 21 ஏலம் எடுத்தவர் பெயரில் இருக்கும். அவர் பதிவு செய்யாமலே உங்களிடம் தள்ளிவிட்டால், அலுவலகத்துக்கு அலையப்போவது நீங்கள். "ஆர்.சி. போட்டுக்கொடு, மீதிப் பணம் அன்றைக்குத்தான்" என்று சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: ஓட்டுவதற்காக விற்கப்பட்டதா, உடைப்பதற்காகவா? 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. அவை உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். ராணுவத்தின் கவச வாகனம் போன்ற சிறப்பு வகைகளுக்கே விலக்கு. உடைப்புக்கு விற்ற வண்டிக்கு இரும்பு விலைதான். ஜிப்ஸியின் எடை சுமார் ஒரு டன். பழைய இரும்புக் கடையில் விலை கேட்டால் அதன் மதிப்பு தெரிந்துவிடும்.

காகிதம் சரியாக இருந்தால் மட்டும் வண்டிக்கு வருவோம். ராணுவ எண் பலகை இருந்தால், மேல்நோக்கிய அம்புக்குறிக்கு அடுத்த இரண்டு எண்களைப் பாருங்கள். அது ராணுவத்தில் சேர்ந்த ஆண்டு. "ஓடியதே முப்பதாயிரம் கிலோமீட்டர்தான்" என்று மீட்டரைக் காட்டுவார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ராணுவத்தில் பராமரிப்பும் ஒழுங்காக நடக்கும். கெடுவது அதற்குப் பிறகு, கழித்த வண்டி வெயிலிலும் மழையிலும் நிற்கும் காலத்தில்தான். பிரேக் ஹோஸ், ஆயில் சீல், டயர் எல்லாம் ஓடாமலேயே வெடித்துப் போகும். பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். பேட்டரி, டைனமோ, கார்புரேட்டர் போன்றவை காணாமலும் போயிருக்கும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் சேஸிஸில் மாட்டும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. மொத்தென்று கேட்டு ஏடு ஏடாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். என்ஜினைச் செப்பனிட்டுவிடலாம், இற்றுப்போன சேஸிஸைச் சரிசெய்வது வீண்செலவு. ஃபோர் வீல் டிரைவை மண் தரையில் போட்டு, லோ கியரில் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கியர் நழுவினாலோ, உறுமினாலோ அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள்.

ஜோங்கா கிடைத்தால் இன்னும் கவனம். ஜபல்பூர் தொழிற்சாலையில் செய்த அந்த வண்டி பார்க்க யானை மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது நான்கு லிட்டரை நெருங்கும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். டீசல் என்ஜின் மாற்றியிருந்தால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

இனி விலை. விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து பேரம் பேசிக் கீழே வராதீர்கள். உங்கள் ஊரில் காகிதத்தோடு ஓடுகிற நிலையில் அதே வண்டி என்ன விலை போகிறது என்று நான்கு பேரிடம் கேளுங்கள். அங்கிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். உதாரணத்துக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து டயர் 30,000. என்ஜின் வேலை 45,000. டிங்கரிங், பெயின்ட் 40,000. பேட்டரி, வயரிங், பிரேக் 20,000. லாரி வாடகை 25,000. பதிவு, சாலை வரி, இன்சூரன்ஸ் 30,000. மொத்தம் 1,90,000. மீதி 1,10,000. கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்கு 30,000 ஒதுக்கினால், கையில் நிற்பது 80,000.

அப்படியானால் தரகர் சொன்னது சரியான விலைதானே? அவர் வாங்கித் தரும் இடத்தில் வரி தனியா, கமிஷன் தனியா என்று கேட்டுப் பாருங்கள். நேரடி ஏலத்திலும் இதே கதைதான். மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணையதளத்தில் நடக்கும் மின் ஏலத்தில் கேட்கும் தொகைக்கு மேல் வரி உண்டு. வரி 18 விழுக்காடு என்றால் நீங்கள் 67,000-க்கு மேல் கேட்கக் கூடாது; அதுவே வரியோடு 79,000 தாண்டிவிடும். முன்பணம் கட்ட வேண்டும், குறித்த நாளுக்குள் வண்டியை எடுக்காவிட்டால் தரை வாடகையும் ஏறும். 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில் விற்பதால் பிறகு புகார் சொல்ல வழியில்லை. பார்வையிட அனுமதிக்கும் நாளில் உங்கள் மெக்கானிக்கையும் அழைத்துப் போய்விடுங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பதிவுக்கு முன் பச்சை நிறத்தை மாற்றுங்கள். ராணுவம் தவிர வேறு யாரும் அந்த ஆலிவ் பச்சை அடிக்க மோட்டார் வாகன விதி 121 இடம் தராது. மாப்பிள்ளை ஜீப் மாதிரி ஊருக்குள் பவனி வர நினைக்கும் இளைஞர்களுக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும்.

உழவுக்கு என்று இந்த வண்டியை வாங்க வேண்டாம். கலப்பை, ரோட்டவேட்டர் ஓட்ட இதில் வசதி கிடையாது. அந்த வேலைக்கு உழவன் செயலியின் இ-வாடகையில் டிராக்டர் பதிவு செய்யலாம். ஜீப் சொந்தத் தோட்டத்துச் சுமைக்கு மட்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த வண்டியில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மூட்டையை வாடகைக்கு ஏற்றினால் அபராதம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும்.