பத்து டிகிரி ஏரியில் ஒரு நிமிடம்

நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் நகரில், வாகட்டிப்பு ஏரிக்கரையில் நின்றுகொண்டு நானும் என் தோழியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வெட்சூட்டை வாடகைக்கு எடுப்பதா, வேண்டாமா என்பதுதான் விவகாரம்.

"வெயில் இப்படி அடிக்குது. எதுக்குடி அந்த ரப்பர் சட்டை?" என்றேன்.

"தண்ணி பத்து டிகிரின்னு சொல்றாங்க. நான் போட்டுக்கப் போறேன். நீயும் போட்டுக்க."

நான் கேட்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியும். சிங்கப்பூரில் பள்ளிக் காலத்திலேயே கற்றுக்கொண்டது. அவளுக்குத் தெரியாது. தண்ணீரைப் பற்றி அவள் எனக்குப் புத்தி சொல்வதா என்ற மிதப்பு எனக்கு. இருபது நிமிடம் கழித்து, அந்த மிதப்பு முழுவதும் ஏரியில் கரைந்துபோனது.

முதுகில் பை, பைக்குள் ரசப்பொடி

கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். அவள் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்தபின் இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. தீபாவளி முடிந்த கையோடு, நவம்பர் இறுதியில், ஆளுக்கொரு முதுகுப்பையுடன் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு விமானம் ஏறினோம். அங்கே அது வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் நேரம். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது.

செலவைக் குறைக்க, தங்கியதெல்லாம் பலர் சேர்ந்து படுக்கும் பேக்பேக்கர் விடுதிகளில். பொதுச் சமையலறையில் நாங்களே சோறு வடித்துக்கொண்டோம். வீட்டிலிருந்து கொண்டுபோன ரசப்பொடியையும் பருப்புப்பொடியையும் விமான நிலையத்தில் அறிவிப்புப் படிவத்தில் எழுதி, அதிகாரியிடம் காட்டிய பிறகே உள்ளே எடுத்துச் சென்றோம். நியூசிலாந்தில் உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம் விதிப்பார்கள்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய எட்டு மணி நேரம். வழியெல்லாம் புல்வெளி, ஆட்டுமந்தை, பனி மூடிய மலை. முடிவில் மலைகளுக்கு நடுவே நீலத் துணியை விரித்துப் போட்டதுபோல் வாகட்டிப்பு.

மூச்சு விடும் ஏரி

பனியாறு குடைந்த பள்ளத்தில் உருவான ஏரி இது. மின்னல் கீற்றுப்போல் வளைந்து வளைந்து சுமார் 80 கிலோமீட்டர் நீள்கிறது. ஆழம் சில இடங்களில் 380 மீட்டர். மலைப்பனி உருகி வரும் டார்ட், ரீஸ் ஆறுகள் இதில் கலக்கின்றன. இவ்வளவு ஆழமான நீரைச் சில மாத வெயில் எளிதில் சூடாக்கிவிட முடியாது. கரையில் ஐஸ்கிரீம் சாப்பிடும் வெயில் அடித்தாலும் ஏரி சில்லென்றே இருப்பது அதனால்தான்.

இந்த ஏரியின் நீர்மட்டம் அரை மணிக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில், ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்கிறது. தொட்டியிலுள்ள தண்ணீரைச் சற்று ஆட்டிவிட்டால் அது இங்கும் அங்கும் அலைவது போன்ற அசைவு என்கிறது அறிவியல். மாவோரிகளின் கதை வேறு. மாட்டாவ் என்ற அரக்கன் மனாட்டா என்ற பெண்ணைத் தூக்கிச் சென்றான். அவளை மீட்க வந்த காதலன், தூங்கிக்கொண்டிருந்த அரக்கனைத் தீ வைத்து எரித்தான். அவன் உடல் கிடந்த பள்ளமே ஏரியானது. எரியாமல் எஞ்சிய அவன் இதயம் இன்னும் துடிப்பதால்தான் நீர் ஏறி இறங்குகிறதாம்.

பலகையில் நான், கயாக்கில் அவள்

நின்றபடியே துடுப்புப் போடும் பலகையை நான் தேர்ந்தெடுத்தேன். படத்துக்கு அழகாக இருக்குமே! தோழி கயாக் படகு எடுத்துக்கொண்டாள். மிதவை அங்கி இருவருக்கும் கட்டாயம். பலகையோடு இணைக்கும் கயிற்றை என் கணுக்காலில் கட்டிவிட்டார்கள். விழுந்தால் என்ன செய்வது என்று வாடகைக்குக் கொடுத்தவர் ஐந்து நிமிடம் விளக்கினார். அவள் கேட்டாள். நான் கைப்பேசியை நீர்புகா உறையில் போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

கரையிலிருந்து சுமார் நூறு மீட்டர் போயிருப்போம். மலையைப் பின்னணியில் வைத்துத் தோழியைப் படமெடுக்கத் திரும்பினேன். எங்கோ போன படகு ஒன்று கிளப்பிய அலை அந்த நேரம் பார்த்துப் பலகைக்கு அடியில் வந்தது. அவ்வளவுதான்.

குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. நெஞ்சில் யாரோ ஓங்கி அறைந்ததுபோல் இருந்தது. வாய் தானாகத் திறந்து காற்றை இழுத்தது. விட முடியவில்லை, மறுபடி இழுத்தது. அங்கி என் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்காவிட்டால், அந்த முதல் மூச்சில் காற்றுக்குப் பதில் ஏரிதான் உள்ளே போயிருக்கும். கைகளைத் தாறுமாறாக அடித்தேன். நீச்சல் தெரிந்தவள் என்பதே மறந்துவிட்டது.

"நீந்தாத! ஒரு நிமிஷம் ஒண்ணும் பண்ணாத. மல்லாந்து படு. மூச்ச மெதுவா விடு." தோழியின் குரல்.

என் பெயரைச் சொல்லிச் சொல்லி எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று... நாற்பதைத் தாண்டியபோது என் மூச்சு என் சொல் கேட்க ஆரம்பித்தது. அதற்குள் கயாக்கைப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தாள். "இதப் பிடிச்சுக்க. இப்ப கயித்த இழு."

முதல் முறை பலகையில் ஏற முயன்றபோது விரல்கள் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை அவள் பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, காலை உதைத்து வயிற்றால் ஊர்ந்து ஏறினேன். நீச்சல் குளத்தில் நூறு மீட்டர் எனக்குச் சில நிமிட வேலை. அன்று முழங்காலிட்டபடி துடுப்புப் போட்டு அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் கை மரத்துப்போனது.

உடலுக்கு என்ன ஆனது?

எனக்கு நேர்ந்தது குளிர்நீர் அதிர்ச்சி. தோல் திடீரெனக் குளிரும்போது உடல் நம்மைக் கேட்காமலே மூச்சை இழுக்கிறது. மூச்சிரைக்கிறது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் இது கடுமையாக இருக்கும். நம் ஊர்க் கடல்நீர் ஆண்டு முழுவதும் 28, 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால், இங்கே நீந்திப் பழகிய யாருக்கும் இந்த அனுபவம் இருக்காது. காற்றைவிடத் தண்ணீர் உடல்சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்ற எளிய கணக்காகச் சொல்லித் தருகிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்க 10 நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். பலர் நினைப்பதுபோல் குளிர்நீரில் விழுந்தவர்கள் எல்லாரும் விறைத்து இறப்பதில்லை. முதல் ஒரு நிமிடத்துப் பதற்றத்தில் தண்ணீரை உள்ளிழுத்தே பலர் மூழ்குகிறார்கள். நன்றாக நீந்துபவர்களும் இதற்கு விலக்கில்லை.

ஒன்பது ஆண்டுகள் சொல்லாத கதை

அன்றிரவு விடுதிச் சமையலறையில், இரண்டு கம்பளிச் சட்டைகளுக்குள் சுருண்டு, சூடாக ரசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எப்படிடி பதறாம இருக்க முடிஞ்சது?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள். எட்டு வயதில், குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போனபோது பாறை வழுக்கி விழுந்திருக்கிறாள். மாமா ஒருவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அன்றிலிருந்து தண்ணீர் பக்கம் போனாலே, யார் என்ன பாதுகாப்புச் சொன்னாலும் ஒரு சொல் விடாமல் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வாளாம்.

ஒன்பது ஆண்டு நட்பில் அவளை எத்தனை முறை "தண்ணீரைக் கண்டாலே ஓடுபவள்" என்று கேலி செய்திருக்கிறேன்! செந்தோசா கடற்கரையில் ஒருமுறை விளையாட்டாகத் தள்ளியும் விட்டிருக்கிறேன். அப்போதும் அவள் சிரித்துத்தான் வைத்தாள். ரசக் குவளையைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"சரி விடு. நாளைக்கு வெட்சூட் போடுவியா?" என்றாள்.

மறுநாள் காலை இருவர் அமரும் கயாக் எடுத்தோம். அதில் பின்னால் உட்காருபவர்தான் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் கேட்காமலேயே முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்ததும் கரையில், நீர் தொடும் இடத்தில் அவள் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்தாள். பக்கத்தில் அமர்ந்து ரொட்டியைத் தின்றபடி காத்திருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறி வந்து கல்லை மூடியது.

"மூச்சு விடுது பாரு" என்றாள்.

குளிர்ந்த ஏரியில் இறங்குமுன்...

• நீச்சல் தெரிந்தாலும் மிதவை அங்கியை இறுக்கமாக அணியுங்கள்.

• வெட்சூட் கிடைத்தால் மறுக்காதீர்கள். அதற்குள் புகும் மெல்லிய நீர்ப்படலம் உடல்சூட்டால் வெதுவெதுப்பாகிக் குளிரைத் தடுக்கும்.

• கரையில் அடிக்கும் வெயிலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீரின் வெப்பநிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

• விழுந்தால் உடனே நீந்தாதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து மிதந்து, மூச்சு சீரானபின் பலகையையோ படகையோ பிடியுங்கள். அதை விட்டு விலகாதீர்கள்.

• தனியாகப் போகாதீர்கள். காற்று வலுத்தால் கரைக்குத் திரும்பிவிடுங்கள்.

• கரையேறியதும் ஈர உடையை மாற்றிப் போர்த்திக்கொண்டு, சூடாக ஏதாவது குடியுங்கள். மது கூடாது.

• இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.