சாரலுக்கு மேலே எதிர்க்காற்று

தென்காசி, கடையநல்லூர்க்காரர்கள் பலர் துபாய்க்குத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார்கள். வான்வழி தூரம் சுமார் 2,900 கி.மீ.; பறக்கும் நேரம் ஏறக்குறைய 4 மணி. டிக்கெட்டிலோ போக இரண்டரை மணி, வர ஐந்தரை மணி என்பதுபோல் தெரியும். துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கி ஓடுவதே காரணம்.

நிஜமான வித்தியாசத்தைச் செய்வது காற்று. குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் உயரத்தில் மேலைக்காற்று வலுக்கும். போகும் விமானம் திணறும், திரும்பும் விமானம் முந்தும். குற்றால சீசனில் கதையே வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கிலிருந்து சாரல் நம் முகத்தில் அடிக்கும்போது, சுமார் 14 கி.மீ. உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து பாய்கிறது! இந்தக் கீழை ஜெட் காற்றை 1958-இல் விவரித்தவர் இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம். விமானம் பறக்கும் 10, 11 கி.மீ. உயரத்திலும் அதன் வீச்சு உண்டு; தென் அரபிக்கடல் வரை வளைகுடாவுக்குப் போகிறவர்களை அது பின்னாலிருந்து தள்ளிவிடும்.