தோட்டத்தில் கல் பாவும் முறை

பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து டில்லியில் குடியமர்ந்துள்ள நம்மவர் பலருக்கு, வீட்டின் பின்புறம் சிறு தோட்டம் ஒன்று வாய்த்திருக்கிறது. அதில் ஒரு பகுதிக்குக் கல் பாவி, மாலையில் அமர்ந்து பேசவும், வடகம் உலர்த்தவும், குழந்தைகள் சேறு படாமல் விளையாடவும் இடம் செய்துகொள்ள நாம் விரும்புகிறோம். கடைக்குச் சென்றதும் கல்லின் நிறத்தையும் மெருகையுமே ஆராய்கிறோம். ஆனால் தளத்தின் ஆயுளை நிர்ணயிப்பது நிறமன்று. மழைநீர் எவ்வழியாகச் செல்லும் என்னும் கேள்விக்கு நாம் காணும் விடையே ஆகும்.

தமிழகத்தின் கீழைக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்யும். டில்லியிலோ ஆண்டு மழையின் பெரும் பகுதி சூலை முதல் செப்டம்பர் வரை, அதாவது நமது ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டியே பெய்துவிடுகிறது. சிறு பொழுதில் கொட்டும் அந்நீர் தளத்திலிருந்து வீட்டை நோக்கி ஓடினால், சுவர் ஈரம் குடிக்கும், பூச்சு உதிரும். ஆகவே தளம் வீட்டிலிருந்து தோட்டத்தை நோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும். 5 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் போதுமானது. சுவரோரத்தில் ஒரு முளையும் எதிர்முனையில் ஒரு முளையும் அடித்து, நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்த்துக் கயிறு கட்டினால் இதனை எளிதில் அளக்கலாம். கொத்தனாரிடம் ‘டால்’ என்ற இந்திச் சொல்லைக் கூறினால் வாட்டத்தைத்தான் குறிப்பிடுகிறோம் என்று உணர்ந்துகொள்வார். சுவரின் அடியில் இடப்பட்டுள்ள ஈரத்தடுப்புப் படைக்கு 6 அங்குலமேனும் கீழே தளத்தின் மேற்பரப்பு அமைதல் அவசியம்.

இனி அடித்தளத்தைக் கவனிப்போம். மண்ணை ஏறக்குறைய 7 அங்குலம் தோண்டி, வேர்களையும் மட்கிய பொருள்களையும் நீக்கி, நீர் தெளித்துத் திமிசால் இறுக இடிக்க வேண்டும். அதன்மேல் 4 அங்குலம் ஜல்லி பரப்பி மீண்டும் இடித்து, ஒன்றரை அங்குலம் மணல் பரப்ப வேண்டும். வாட்டத்தை மணலில் மட்டும் அமைத்தல் தவறு. தோண்டிய மண்ணிலேயே அது தொடங்க வேண்டும். தக்காணத்துக் கரிசல் மண்ணில் வாழ்வோர் இன்னும் ஆழமாகத் தோண்டிச் சரளை நிரப்புதல் நலம். அம்மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் இயல்புடையது.

கல்லை அந்தந்த நாட்டிலேயே தேடுவது சிக்கனம். டில்லிக்கு இராசத்தானத்தின் கோட்டாக் கல்லும் தோல்பூர் மணற்கல்லும் எளிதில் வருகின்றன. பம்பாய்ப் பக்கத்தில் வாழ்வோர் கர்நாடகத்து ஷாகாபாத் கல்லைப் பெறலாம். எதுவாயினும் வெளித்தளத்திற்கு மெருகேற்றிய கல் ஆகாது, நனைந்தவுடன் வழுக்கும். முதியோர் நடமாடும் வீட்டில் இது சிறு குறையன்று. சொரசொரப்பான, ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள கல்லே ஏற்றது. கோட்டாக் கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்ததாதலால், கறை நீக்க அமிலம் ஊற்றினால் அரித்துவிடும்.

கல்லின் அடிப்பகுதி முழுவதும் மணலில் படியுமாறு வைத்து, மரச்சுத்தியால் தட்டி அமர்த்த வேண்டும். தட்டும்போது வெற்றொலி எழுந்தால் உள்ளே பள்ளம் உண்டென்று பொருள். எடுத்து மறுபடி பதித்திடுக. தளத்தின் ஓரங்களில் செங்கல்லை நிறுத்திப் புதைத்தால் கற்கள் நகரா.

சிமெண்டுக் கலவையிலேயே பதிக்கலாகாதா என்று சிலர் வினவுவர். பதிக்கலாம். ஆயினும் நடப்பதற்கு மட்டுமான தளத்திற்கு மணற்படுக்கை போதும். அதில் இரு பயன்கள் உள. இடையில் அரை அங்குலச் சந்து விட்டு மணல் நிரப்பினால், மழையின் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும். நிலத்தடி நீர் பல இடங்களில் தாழ்ந்துவரும் டில்லியில் இது பொது நன்மையும் ஆகும். சந்தைச் சற்று அகலமாக விட்டால் அறுகம்புல் வளர்க்கலாம். இங்குள்ளோர் ‘தூப்’ என்று அழைப்பது அதுவே. மற்றொன்று, வாடகை வீட்டிலும் அரசாங்கக் குடியிருப்பிலும் வாழும் நாம், உரியவரின் அனுமதி பெற்றுப் பாவிய கற்களை, மாற்றலாகிச் செல்லும்போது உடையாமல் பெயர்த்தெடுக்கலாம்.

மரத்தைச் சுற்றி இரண்டடியேனும் மண்ணைத் திறந்து விடுக. வேருக்கு நீரும் காற்றும் வேண்டும்.

வேலையை மழைக்கு முன்பே முடித்து, ஒரு குடம் நீரைச் சுவரோரம் ஊற்றிப் பாருங்கள். அந்நீர் தேங்காமலும் திரும்பாமலும் செடிகளை நாடிச் சென்றால், தளம் செவ்வனே அமைந்தது என்று கொள்ளலாம்.