பைனாகுலர் வாங்கப் போறீங்களா? பெரிய நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க!

"அப்பா, ஒண்ணுமே தெரியலப்பா. எல்லாம் ஆடுது!"

சீசன் நாட்களில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. லீவுக்கு மகளை அழைத்து வந்த அப்பா, ஆன்லைனில் ஆசையாக வாங்கிய பைனாகுலரை அவள் கழுத்தில் மாட்டிவிடுகிறார். அட்டைப்பெட்டியில் '20×50' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சின்னக் கைகளில் மரமும் பறவையும் சேர்ந்தே நடுங்குகின்றன. ஐந்தே நிமிடத்தில் பைனாகுலர் பைக்குள் போய்விடுகிறது. பறவை பார்க்கும் ஆசையும் அதோடு போய்விடுவதுதான் பெரிய நஷ்டம்.

தவறு குழந்தையின் கையில் இல்லை. வாங்கிய நம்பரில் இருக்கிறது.

அந்த இரண்டு எண்கள்

எல்லா பைனாகுலரிலும் 8×42, 10×50 என இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 8 என்றால், 80 மீட்டர் தள்ளி இருக்கும் கூழைக்கடா 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். லென்ஸ் அகலமானால் அதிக வெளிச்சம் உள்ளே வரும். எடையும் கூடும்.

அப்படியென்றால் 8-ஐவிட 20 நல்லதுதானே? இல்லை. அதற்கு மூன்று காரணங்கள்.

கை நடுக்கம்: பைனாகுலர் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, கையின் அசைவையும் அதே அளவு பெரிதாக்குகிறது. 8 மடங்கை யாரும் சமாளிக்கலாம். 10 மடங்கு, கை பழகியவர்களுக்கு. 12-ஐத் தாண்டினால் ஸ்டாண்டு இல்லாமல் சிரமம்தான்.

பார்வைப் பரப்பு: மடங்கு கூடக் கூட, தெரியும் இடம் சுருங்கும். 1,000 மீட்டர் தூரத்தில் 8 மடங்கு பைனாகுலர் சுமார் 130 மீட்டர் அகலத்தைக் காட்டும். 10 மடங்கில் அது சுமார் 110 மீட்டர். 20 மடங்கில் இன்னும் குறைவு. பறவை எந்தக் கிளையில் இருக்கிறது என்று தேடுவதற்குள் அது பறந்துவிடும்.

வெளிச்சம்: இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு அதுதான். 8×42-ல் 5.25 மி.மீ., 20×50-ல் வெறும் 2.5 மி.மீ. நண்பகலில் நம் கண்மணி சுருங்கியிருப்பதால் வித்தியாசம் தெரியாது. நாரைகள் கூடு திரும்பும் அந்தி நேரத்தில் கண்மணி விரியும். அப்போது சின்ன ஒளிவட்டம் போதாது; காட்சி இருண்டுவிடும்.

யாருக்கு எது?

வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்க்க 8×42 நல்ல தேர்வு. வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் மரங்கள் கரையிலிருந்து வெகு தூரமில்லை. அங்கே 8 மடங்கே தாராளம்.

சின்னப் பிள்ளைகளுக்கு எடை குறைந்த 8×30 அல்லது 6×30 போதும். இரண்டு குழாய்களையும் அவர்கள் கண் இடைவெளிக்கு நெருக்கி மடக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூக்குக்கண்ணாடி அணியும் தாத்தா, பாட்டிக்கு 'ஐ ரிலீஃப்' 15 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டால், கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்கலாம்.

பழவேற்காடு ஏரியில் தூரத்தில் நிற்கும் பூநாரைகளைப் பார்க்க 10×42 உதவும். அதற்கும் மேல் வேண்டுமென்றால், ஸ்டாண்டில் பொருத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் வழி.

ஸ்கேல் சோதனை

'100 மடங்கு' என்று விளம்பரம் செய்கிறார்களா? பள்ளிக்கூட ஸ்கேலே உண்மையைச் சொல்லிவிடும். முதலில் முன்பக்க லென்ஸின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு பைனாகுலரை வெளிச்சமான சுவர் பக்கம் திருப்பி, கை நீட்டும் தூரத்தில் பிடியுங்கள். கண் வைக்கும் லென்ஸில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதையும் அளந்து, முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய உண்மையான மடங்கு கிடைக்கும். லென்ஸ் 50 மி.மீ., வட்டம் 5 மி.மீ. என்றால் அது 10 மடங்குதான். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பார்க்கும் முறை

வாங்கியதும், வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குக் காட்சியைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, பெரும்பாலும் வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். 'மங்கலா இருக்கு' என்ற புகார் பலமுறை இதிலேயே தீர்ந்துவிடும்.

பைனாகுலரால் சூரியனை ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது, பார்வையே பறிபோகும். பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, பறவையைப் பிடிக்கும் வித்தை. முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பறவை தானாக வட்டத்துக்குள் வந்து நிற்கும்.

"அப்பா, குஞ்சுக்கு ஊட்டுதுப்பா!" என்று மகள் சொல்வதற்கு 8 மடங்கு போதும்.